இருநூற்று முப்பத்து மூன்று

டிசம்பர். பிற்பகல் மூன்றரைக்கே
விளக்குப் போட்டாகிவிட்டது டாலினில்.
பழைய கயிற்றாலையின் இரண்டாம் மாடி,
வெந்நீர்க் குழாயின் மேல் காயும் கையுறைகள்.
ஐலியின் மேசைக்குக் கறுப்புப் பெட்டியொன்று வந்திருக்கிறது,
மேலே உர்மஸின் கோணல் கையெழுத்தில்: 480 படங்கள்.
ஏணியைத் தோளில் சுமந்து
உறைந்த கடலைக் கடக்கும் கம்பளி முயல்.

மூன்று வாரமாக அவன் அதை நடத்தியிருக்கிறான்.
ஒரு நகர்த்தல், இரண்டு சொடுக்கு.
ஒரு நகர்த்தல், இரண்டு சொடுக்கு.
இருபது நொடி தேறியது.

முதல் தடவை அவசரத்தில்
‘வரிசை’ என்ற கட்டத்தில் டிக் போட மறந்தாள்.
ஒரே ஒரு படம் வந்து உட்கார்ந்தது.
தூக்கிய கால் தூக்கியபடி,
பனிக்கட்டி தாங்குமா என்று யோசிக்கிற முயல்.
அது யோசித்து முடிக்கட்டும் என்று
இவள் காப்பி போட்டு வந்தாள்.

இரண்டாம் தடவை எல்லாம் வந்தன.
ஆனால் நொடிக்கு முப்பது என்று
மென்பொருள் தானே முடிவு கட்டியிருந்தது.
கோப்லிக்குப் போகும் கடைசி டிராமைப் பிடிப்பதுபோல்
ஏணியும் தானுமாக ஓடிற்று முயல்.
இருபத்து நான்கு என்று திருத்தினாள்.
நின்றது அதன் இரைப்பு. நடந்தது.

எண்களையும் பார்த்துக்கொண்டாள்.
0001, 0002, 0003.
நல்லவேளை, உர்மஸ் திருந்திவிட்டான்.
போன வருடம் வெறும் ஒன்று, இரண்டு என்று பெயர் வைத்து
ஒன்றின் பின்னால் பத்து வந்து நிற்க,
பத்தின் பின்னால் நூறு வந்து நிற்க,
பாவம் இரண்டு,
நூற்றுப் பதினோரு பேருக்குப் பின்னால் காத்துக் கிடந்தது.
கதவு திறக்குமுன்பே
உள்ளே போய்விட்டது ஒரு நரி.

இடப்பக்கச் சுழிக்கு மதிப்பில்லை என்கிறது கணக்கு.
பூஜ்யம் என்ற சொல்லோ
ஒன்றுமில்லாததையும் குறிக்கும்
வணங்கத்தக்கதையும் குறிக்கும்.
கணினி அதை
இரண்டாவது பொருளில் வாசிக்கிறது.

ஒன்பதாவது நொடி தாண்டியதும்
வெள்ளைப் பனியில் பளீரென்று
மஞ்சள், ஊதா, சிவப்புப் பட்டைகள்.
என்னவென்று கேட்பதற்குள் மறைந்துவிட்டன.
முயல் ஒன்றும் அறியாததுபோல் நடக்கிறது.
‘ஒரு படம் காணவில்லை’ என்று
கீழே நிதானமாக ஒரு வரி.

0232.
0234.

‘அழிச்சுட்டேன்’ என்றான் உர்மஸ்.
தொலைபேசியின் பின்னால் சலவை இயந்திரம் உருண்டது.
‘டிராம் போச்சு, மேசை அதிர்ந்தது, ஏணி சரிஞ்சது.
பிடிக்கப் போனேன், அதுக்குள்ள சொடுக்கிட்டேன்.
என் முழங்கை படத்தில் விழுந்துடுச்சு.
காமிராவுக்குக் கூட்டல்தான் தெரியும்,
கழித்தல் தெரியாது. அது பாட்டுக்கு அடுத்த எண்ணுக்குப் போயிடுச்சு.’
‘அப்புறம் ஒன்று எடுத்தாயா, இரண்டா?’
இயந்திரம் இன்னொரு சுற்றுச் சுற்றியது.
‘தெரியலையே.’

இரண்டென்றால் எண்ணில் மட்டும்தான் ஓட்டை,
ஒன்றென்றால் நடையிலேயே ஓட்டை.
234, 235. 234, 235.
மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தாள்.
நகரவில்லை கால், நகரவில்லை ஏணி.
இடது காது மட்டும்
ஒரு நூல் பின்வாங்கியிருந்தது.
ஆக, 234 தனியாள்,
இரட்டையில் மிஞ்சியது.

அதையே பிரதியெடுத்தாள்.
0233 என்று பெயர் வைத்தாள்.
சுழியைத் தட்டும்போது
கொஞ்சம் தயங்கினாள்; திருட்டு அல்லதான்,
இருந்தாலும்.

ஏப்ரலில் திரையிட்டார்கள்.
கடல் அதற்குள் உருகியிருந்தது.
இரண்டு வரிசை முன்னால் உர்மஸ்
முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான், பழக்கமாக இருக்கும்.
எட்டாவது நொடியிலேயே ஐலி முன்னால் சாய்ந்தாள்.
தான் செய்த இருபத்து நான்கில் ஒரு பங்கை
ஒரு தரமாவது பெரிய திரையில் பார்த்துவிட வேண்டும்.

அந்நேரம் பார்த்து
சிமிட்டிவிட்டது கண்.